நின்றுபோகாத ஜனீல் ஹோல்ட்

டெல்வின் ஹோல்ட்டின் மகள் ஜனீல், பத்து வயதில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றின் கம்பளத்தில் நடக்கத் தொடங்கியவள், இன்னும் நிற்கவில்லை. அந்த வருஷம் எங்கள் தெற்கு யூட்டா பக்கம் மாட்டுப்புல் விலை சரிந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீரைச் சீக்கிரமே திறந்துவிட்டார்கள். ஏப்ரலில் ஹோல்ட் வீட்டு நாலு வயசுப் பையன் லமார் அந்த வாய்க்காலில் விழுந்து இறந்துபோனான். அவனுடன் நடந்து போனவள் ஜனீல்தான். வயல் வேலிக்கம்பியில் உட்கார்ந்திருந்த மஞ்சள் மார்புக் குருவியைப் பார்க்க அவள் நின்றாள், பையன் நிற்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அடுப்படியில் அவளுடைய அம்மா நெட்ரா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ எதுக்குடி நின்னே?" அதற்குப் பிறகு அவள் மகளிடம் எதையும் கேட்கவில்லை, திட்டவில்லை, தொடவும் இல்லை.

சாவு வீட்டுக்கென்றே எங்கள் தேவாலயச் சபைப் பெண்கள் செய்கிற உருளைக்கிழங்குப் பதார்த்தம் ஒன்று உண்டு. சீஸ் நிறையப் போட்டு, மேலே கார்ன்ஃப்ளேக்ஸை நொறுக்கித் தூவியிருப்பார்கள். அது தட்டுத் தட்டாக வந்து இறங்கியதில் ஜூன் வரைக்கும் ஹோல்ட் வீட்டில் வேறு சமையல் இல்லை. நெட்ரா அதைச் சூடுபண்ணி வைப்பாள், பாத்திரம் கழுவுவாள், கொதிக்கிற தண்ணீருக்குள் கையை விட்டபடியே ஜன்னலைப் பார்த்து நிற்பாள். டெல்வின் ஓடி வந்து கையை இழுப்பான். "சுடலையா?" என்று கேட்டால், "தெரியல" என்பாள். அவன் நல்ல மனுஷன், ஆனால் பேச வராது. பேச வராதவர்கள் குடும்பத்தை வண்டியில் ஏற்றி எங்காவது கூட்டிப்போவார்கள். சபைக் கட்டுப்பாட்டால் எங்கள் ஆட்கள் சூதாட மாட்டார்கள், குடிக்க மாட்டார்கள், காப்பிகூடத் தொட மாட்டார்கள். ஆனாலும் லாஸ் வேகாஸுக்குப் போகாத வீடு கிடையாது. சாப்பாடு மலிவு, உள்ளே குளுகுளுவென்று இருக்கும், வேடிக்கை பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். டெல்வினின் அக்கா லரூ, கூப்பிடாமலே பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

முதலில் பெரிய அணைக்கட்டைப் பார்க்கப் போனார்கள். தண்ணீரில் பிள்ளையைப் பறிகொடுத்தவளை எங்கே கூட்டி வந்திருக்கிறோம் என்பது கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் டெல்வினுக்கு உறைத்தது. கீழே பச்சையாக, அசையாமல், அவ்வளவு தண்ணீர். லரூ அவசர அவசரமாகச் சிமெண்டைப் பற்றிப் பேசினாள். "இங்க கொட்டின சிமெண்டுல நம்ம ஊருலேர்ந்து சந்திரன் வரைக்கும் நடைபாதை போடலாம் போலிருக்கு. ஆனா நம்ம ஆளுங்ககிட்ட குடுத்தா ஊர்த்தலைவர் சாமுவேல் வீட்டு வாசலோட நிறுத்திருவானுங்க." யாரும் சிரிக்கவில்லை. நெட்ரா தண்ணீரைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, "பசிக்குதா யாருக்காவது?" என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் டெல்வினைப் பயமுறுத்தியது.

அங்கிருந்து சாப்பிட லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றுக்கு வந்தார்கள். அந்த விடுதிகளில் எதற்குப் போனாலும் சூதாட்டக் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பந்தி அந்தக் கூடத்துக்கு மறுபக்கம் இருந்தது. "காப்பி வாசனையை மோந்து பாத்தா பாவமாடா?" என்று லரூ தம்பியைக் கேட்டாள். "மூக்கைப் பொத்திக்கிட்டு நட, அக்கா" என்றான் அவன். இருவரும் வரிசையில் இடம்பிடிக்க முன்னால் போய்விட்டார்கள். நெட்ரா பாதி வழியிலேயே, காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரம் ஒன்றின் முன்னால் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கூரைக்குக் கீழே ஊஞ்சல் கட்டி, பளபளக்கும் சட்டை போட்ட ஒரு சர்க்கஸ் பெண் இயந்திரங்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தாள். அதை அண்ணாந்து பார்க்க ஜனீல் நின்றாள். உடனே காவலாளி வந்துவிட்டார். வெடுக்கென்று பேசுகிறவர் இல்லை, அவர் வீட்டிலும் பேத்திகள் உண்டு. "பாப்பா, சின்னப்புள்ளைங்க இந்தக் கம்பளத்துல நடக்கலாம், நிக்கக்கூடாது. அதான் சட்டம். நிக்காம போய்க்கிட்டே இரு." ஜனீல் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தாள். பிள்ளை நடந்தாள்.

சீட்டு மேஜைகளைச் சுற்றி, காசு மாற்றும் கூண்டைத் தாண்டி, மறுபடி அம்மாவின் முக்காலி வழியாக. லெவல் கிராஸிங்கில் நிற்கிறவர் சரக்கு ரயில் பெட்டிகளைப் பார்ப்பதுபோல நெட்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். போவதும் வருவதும் தன் மகள் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் தெரிந்தது உள்ளே இறங்கவில்லை. டெல்வின் தேடிக்கொண்டு வந்து, "போதும் கண்ணு, சாப்பாடு ஆறுது" என்று குறுக்கே நின்றான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போனாள். தூக்கினால் கால்கள் காற்றிலேயே நடந்தன, முகம் நீலம் பாரித்தது. இறக்கிவிட்டதும் மூச்சு திரும்பியது. மேலாளர் வந்து பார்த்துவிட்டு, நடப்பதற்கு எதிராகத் தங்களிடம் விதி எதுவும் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள், அதே நீலம். வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் கால்கள் தாமாகவே வடக்கே, எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பின. டெல்வின் வண்டியை அவள் பின்னாலேயே ஊர்ந்து ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் முன்சீட்டுக் கதவு திறந்தது. நெட்ரா இறங்கி, மகள் பக்கத்தில் போய் நடந்தாள். யாரும் அவளை இறங்கச் சொல்லவில்லை.

ஊர் எல்லை தாண்டி, பாலைவனத்தில் முள்புதர் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் நெட்ரா வாய் திறந்தாள்.

"நிக்கலாம், ஜனீல். நின்னா ஒண்ணும் ஆகாது."

"ஆகும்மா."

அடுத்த மேடு ஏறி இறங்கியதும் நெட்ரா சொன்னாள். "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவன் போனது நீ நின்னதால இல்ல. நான் உங்க ரெண்டு பேரையும் தனியா அனுப்பினேன், வாய்க்காலுக்கு வேலி கிடையாது, அவனுக்கு நாலு வயசு. நீ குருவி பாத்தே, அவ்வளவுதான்."

"சரிம்மா" என்றாள் பிள்ளை, நடந்துகொண்டே. அவள் முகம் தெளிந்துதான் இருந்தது. "ஆனா கால் கேக்கமாட்டேங்குது. நீ வேணா வண்டில ஏறிக்கோ, உனக்கு வலிக்கும்."

"நான் ஏறல."

பிள்ளை நடந்தபடியே தூங்கினாள். நெட்ரா அவள் பிடரியில் கை வைத்து, சாலையோரத்துக்குத் திருப்பி விட்டுக்கொண்டே வந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அந்தக் கை மகள் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. பந்தியிலிருந்து துணியில் சுற்றி எடுத்துவந்த ரொட்டிகளை லரூ வண்டி ஜன்னல் வழியாக நீட்டினாள். மெஸ்கீட் ஊரைத் தாண்டும்போது நெட்ரா, "குதிகால் எரியுது" என்றாள். டெல்வின் வண்டியை அப்படியே நிறுத்தி, ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்துகொண்டான். "கொப்புளம் வந்தது அவளுக்கு, அழறது இவன்" என்று லரூ சத்தம் போட்டாள். "எந்திரிடா, மருந்து டப்பா எங்கே வச்சிருக்கே?" சொன்னவளின் மூக்கும் சிவந்துதான் இருந்தது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது எங்கள் ஊரில் முதல் புல் அறுவடை முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பின்வரிசை மேஜைகளை எடுத்து அவளுக்கு வழி விட்டார்கள். ஆராதனையில் அவள் நடக்கிற பக்கத்துக்கு மட்டும் மெத்தென்ற விரிப்புப் போட்டார்கள், பிரசங்கம் கேட்காமல் போகிறதே என்று. சாமுவேல் தன் வாசலோடு நின்றுபோன நடைபாதையை மேலும் நீட்டிப் போட வைத்தார். வயலில் பாசனக் குழாய் தூக்கி நடக்கிற ஒருத்தனை அவள் கல்யாணம் செய்தாள். அவன் விடியற்காலை அவளோடு கொஞ்ச தூரம் நடந்து பேசிவிட்டு வேலைக்குப் போவான், நல்ல குடித்தனம். பிள்ளைகள் அவள் தோளில் வளர்ந்தார்கள், தாலாட்டே வேண்டியிருக்கவில்லை. நெட்ரா தினமும் கூட நடந்தாள். அவர்கள் என்ன பேசுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெருவில் அவர்கள் வரும்போது வண்டிகள் ஒதுங்கும், அவர்கள் கையசைப்பார்கள். லமார் பேரை நெட்ரா சத்தமாகச் சொல்லுவது சில நாள் எங்கள் வேலிவரை கேட்கும். குழந்தைகளைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுகிற குரல்தான்.

வயசாகி, இடுப்பு எலும்பு ஒடிந்து நெட்ரா படுத்த பிறகு, டெல்வின் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி அறையின் நடுவில் போட்டான். ஜனீல் அதைச் சுற்றி நடந்தாள். தலைமாட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் நெட்ரா கையை நீட்டுவாள், மகள் அதைத் தொட்டுக்கொண்டு போவாள். சிலசமயம் நெட்ரா கையை நீட்டியபடியே தூங்கிவிடுவாள். அப்போது ஜனீல் ஓசைப்படாமல் நடப்பாள். சபைப் பெண்கள் நாங்கள் உருளைக்கிழங்குத் தட்டோடு போனால், ஜனீலை ஒரு சுற்று போக விட்டு, உள்ளே நுழைந்து, தட்டை வைத்துவிட்டு வருவோம்.