சடையன் பங்குக் கண்டம்

குலதெய்வம் பெரியாண்டிச்சிக்கு முப்பூசை என்றால் ஆடு, கோழி, பன்றி மூன்றும் விழும். பன்றிக்கறி குடும்பத்துக்கு ஒரு பங்கு. ஆம்பிளை ஊரில் இல்லையென்றால் அவன் பங்கை உப்புக்கண்டம் போட்டு, சட்டி வாயைத் துணியால் கட்டி வைக்க வேண்டும். அவன் வந்துதான் அவிழ்க்கலாம். வேறு கை பட்டால் ஆள் திரும்ப மாட்டான் என்பது அந்த வளவில் குடியிருந்தவர்கள் எண்ணம்.

செல்லியம்மாளின் புருஷன் சடையன் ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் கொழும்புத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். அவன் பங்கை அவள் என்ன பக்குவமாய்ப் போட்டாள் தெரியுமா! கொழுப்பை வழித்து, கல்லுப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து, வளைத்தால் ஒடிகிற வரைக்கும் வெயிலில் காயவைத்து, சட்டியை அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் தொங்கவிட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகியது. பக்கத்து வீட்டு மாரக்காள் கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அடியே செல்லி, ஈரம் ஏறீருக்கும். அவுத்து ஒரு வெயில் காட்டுடி. பன்னிக்கறி நமுத்துச்சுன்னா அவ்வளவுதான்."

"அவுரு வந்துதான் அவுக்கோணுமுங்க அக்கா."

"வாரப்ப வரட்டும். உம்பட புருசன் எப்ப வாரான்னு கறிக்குத் தெரியுமா?"

கேட்டாளா? கேட்கவில்லை. புருஷன் உயிரையே அந்தத் துணி முடிச்சில் கட்டிவைத்திருப்பதாக அவளுக்கு நினைப்பு.

மாசியில் சடையன் வந்தான். வந்தான் என்ன வந்தான், எலும்பும் தோலும்தான் வந்தது. தோட்டத்துக் காய்ச்சல். கஞ்சியை நீட்டினால் முகத்தைத் திருப்பினான்.

"கண்டம் இருக்குதா புள்ள? கப்பல்லயும் அதே நெனப்புத்தான்."

வந்ததிலிருந்து ஒன்றும் இறங்காதவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டானே என்று அவளுக்குப் போன உயிர் வந்தது. சட்டியை இறக்கி, அவன் கையாலேயே முடிச்சை அவிழ்க்க வைத்தாள்.

நாற்றம் முந்திக்கொண்டது. ஒட்டியிருந்த கொழுப்பு மஞ்சளித்துக் காறலடித்தது. துண்டுகள் ஒடியவில்லை, வளைந்தன. தொட்ட விரலில் கொழகொழவென்று நூலாய் இழுத்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இந்தப் பாவி மகள் அள்ளி அள்ளி உப்புப் போட்டதும் குப்பைக்குத்தான் என்றாயிற்று. ஒரு வெயில் காட்டியிருந்தால் தப்பியிருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கழுவி வறுத்துக் குடு."

"வேண்டாங்க. இதைத் தின்னா வயித்தால ரத்தமாப் போயிருமுங்க."

"ஒரே ஒரு துண்டு, செல்லி."

கையெடுத்துக் கும்பிட்டான். கட்டின பெண்டாட்டியைக் கும்பிட்டான், ஐயோ! அவள் சட்டியோடு எருக்குழிக்கு ஓடி, கொட்டி, அவன் தவழ்ந்து வந்தாலும் தேடி எடுக்க முடியாதபடி சாம்பலைப் போட்டு மூடினாள். திரும்பி வந்தபோது அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அப்புறமும் கஞ்சியைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை விடியலில் அடங்கிவிட்டான்.

மாரக்காள் அவளைக் கட்டிக்கொண்டு தேற்றினாள். "நீ செஞ்சதுதான் சரி சாமி. குடுத்திருந்தீன்னா உங்கையாலயே கொன்னிருப்பே."

"குடுத்திருந்தா தின்னுட்டாச்சும் செத்திருப்பாருங்க அக்கா," என்றாள் செல்லியம்மாள். "கும்புட்டுக் கேட்ட மனுசனைப் பசியோட அனுப்பிட்டனே."