மலையைப் பார்த்த நடுச்சட்டம்

வீராசாமி படகு கட்டத் துணிந்ததற்குக் காரணம் ஏரியன்று. அவர் 'பாவா' என்று அழைக்கும் அக்காள் கணவர் வெங்கடேசனின் வாய். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் மறுகரையிலுள்ள நிலத்துக்குப் போகும் வழி நீரில் மூழ்கிவிடும். பிறகு வெங்கடேசனின் டிராக்டரில் ஏறி, ஆறு கிலோமீட்டர் சுற்றிப் போகவேண்டும். டிராக்டருக்கு டீசல் போதும். வெங்கடேசனுக்கோ கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். உரம், பிள்ளை வளர்ப்பு, மலச்சிக்கல் என்று வழி நெடுக அறிவுரை. இந்த ஆண்டு மழைக்கு முன்னர்ப் படகு நீரில் இறங்கியே தீரவேண்டும் என்று வீராசாமி முடிவு கட்டினார்.

திருத்தணிப் பக்கத்தில் படகு கட்டியவரை அவர் அறியார். முப்பதாண்டுகளாக வாசக்கால் வைத்துவரும் தச்சர் பச்சையப்பன், "மரத்தை நேரா நிக்க வெக்கணும், அவ்ளோதானேங்க" என்று ஒப்புக்கொண்டார்.

படகைக் கவிழ்த்த நிலையில் கட்டுவதாக ஏற்பாடு. கொட்டகைக்குள் நீண்ட மரங்களால் ஓர் அடித்தளம்; அதன் நடுவே முனைக்கு முனை இழுத்துக் கட்டிய நூல்; நூலுக்குக் குறுக்கே விலா எலும்புகளைப் போல ஐந்து சட்டங்கள். சட்டங்கள் நேராக நின்றால்தான் படகு நேராகப் போகும்.

முதலில் நடுச்சட்டம் நின்றது. பச்சையப்பன் தம் வழக்கப்படி அதற்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமமிட்டு, தேங்காய் உடைத்தார். வீராசாமியின் மனைவி தமயந்தி கற்பூரம் காட்டினாள். மறுநாள் மற்ற நான்கும் நின்றன.

மூன்றாம் நாள் வீராசாமி, நூல் கட்டிய முனை ஆணியிலிருந்து ஒவ்வொரு சட்டத்தின் இரு மூலைகளுக்கும் டேப் பிடித்து அளந்தார். நான்கு சட்டங்களில் இருபுறமும் சமம். நடுச்சட்டத்தில் மட்டும் இடப்புறம் இரண்டு அங்குலம் கூடுதல்.

"ஆசாரி, இது கோணிகினு நிக்குதே."

பச்சையப்பன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார். "பாருங்க, இம்மி சாயலை."

"சாயலை. ஆனா எங்கியோ பார்த்துகினு நிக்குது."

"மலையைப் பார்த்துங்க. சாமி பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லி அம்மாதான் சொன்னாங்க."

"ஆங், சொன்னேன்" என்றாள் தமயந்தி. "சாமிக்கு முகம் காட்டாம நிக்க வெப்பாங்களா?"

"முந்நூத்தி அறுபத்தஞ்சு படி மேல உக்காந்துகினு இருக்கிறவருக்கு இந்த ரெண்டு அங்குலம்தான் கண்ணுல படுதா? கழட்டித் திருப்பு, ஆசாரி."

பச்சையப்பன் திருப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "பூசை போட்டு வெச்ச வாசக்காலை நான் அசைக்கமாட்டேங்க."

"இது வாசக்கால் இல்லைய்யா. இதுல நுழைஞ்சு யாரு வரப்போறா, கெளுத்தியா?"

சத்தம் கேட்டு வந்த வெங்கடேசன் சட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "இப்படியே கட்டு, மச்சான். ஏரிக்குள்ளயே கிரிவலம் வரலாம்."

வீராசாமிக்கு டிராக்டரின் உறுமல் இப்போதே காதில் கேட்டது. தமயந்தியோ சட்டத்தின்மேல் வைத்த கையை எடுப்பதாக இல்லை.

"சட்டத்தைத்தானேமா அசைக்கக்கூடாது?" என்றார் வெங்கடேசன். "கீழ இருக்கிற கட்டைக்குப் பூசை போட்டீங்களா?"

தமயந்தி யோசித்தாள். "அதுக்குப் போடலைங்கண்ணா."

அப்புறமென்ன? நடுச்சட்டம் அசையாதபடி அதைக் கயிற்றால் கொட்டகை உத்தரத்தோடு கட்டினர். தமயந்தி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பச்சையப்பன், சட்டத்தைத் தொடாமல் திருகாணிகளை மட்டும் கழற்றினார். சாமிக்குத் தெரியாதபடி என்று அவருக்கு நினைப்பு. வெங்கடேசன் டிராக்டர் ஜாக்கியைக் கொண்டுவந்தார். அடித்தளம் மற்ற நான்கு சட்டங்களையும் சுமந்துகொண்டு, முனகியவாறே மலையை நோக்கித் திரும்பியது.

வீராசாமி மறுபடி அளந்தார். இருபுறமும் சமம். முனையில் குந்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஐந்து சட்டங்களின் நடுக்கோடுகளும் நூலின் நேரே ஒரே கோடாக நின்றன. இனி வெங்கடேசனின் தயவு வேண்டியதில்லை. வீராசாமிக்குச் சிரிப்பு வந்தது.

"ரொம்ப நேரா இருக்குது" என்றார் வெங்கடேசன், ஜாக்கியைத் துடைத்தவாறு. "ஏரி அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கிடக்குது. கட்டி முடிச்சு இதை எதுல ஏத்திகினு போவே?"

வீராசாமி வெளியே பார்த்தார். வேப்பமரத்தடியில் டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. அவர் டேப்பை மெதுவாகச் சுருட்டினார்.

"பாவா, டீ சாப்பிடறீங்களா?"

"சர்க்கரை கம்மியா" என்று அடித்தளத்தின்மேல் வசதியாக உட்கார்ந்தார் வெங்கடேசன். "உன் வயித்துக்கு டீயே ஆவாது, மச்சான். ஏன்னு சொல்றேன், இப்படி வந்து உக்காரு."