கோல் விழாத பாதி

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி, சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? பி.பி. மாத்திரை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். இந்தக் கதையில் கோபம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

தபீதாள் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் கேசட்டைப் போட்டு பட்டனை அழுத்தினாள். மைதானத்து இரைச்சல் வர வேண்டிய இடத்தில் ஆர்கன் சத்தம் வந்தது. அதன் மேல் ஓர் ஆணின் குரல், "ஆல்ட்டோ மட்டும் பாடுங்க. ஒன், டூ, த்ரீ" என்றது. பெண்கள் நாலைந்து பேர் கீழ்க்குரலில் இழுத்துப் பாடத் தொடங்கினார்கள். அந்த ஆணின் குரல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். பதினாலு வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிற குரல். அவள் வீட்டுக்காரர் லாசரஸ், சர்ச்சில் பாடகர் குழுத் தலைவர்.

"இன்னா டீச்சரம்மா, சர்ச்சு பாட்டு பாடுது? கேசட்ட மாத்திப் போட்டுட்டியா?" என்று கேட்டாள் அஞ்சம்மாள். தரையில் சம்மணம் போட்டு, கையில் டீ டம்ளரோடு, கச்சேரி கேட்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

தபீதாள் கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தாள். மாற்றிப் போடவில்லை. அதே கேசட்தான். அட்டையில் தம்பி ஃபிரெடியின் கோணல் எழுத்து: 'அப்பாவுக்கு. யாரும் ஸ்கோர் சொல்லாதீங்க.'

அது தொண்ணூறாம் வருஷத்து உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். அர்ஜென்டினாவும் கேமரூனும். கிழக்குத் தாம்பரத்தில் அவர்கள் இருந்த தெருவில் அப்போது கலர் டிவி இருந்தது அவர்கள் வீட்டில் மட்டும்தான், அதனால் முன்னறையில் உட்கார இடமில்லை. அப்பா ரயில்வேயில் கார்டு. அன்றைக்குப் பார்த்து கூட்ஸ் வண்டியோடு விழுப்புரம் போய்விட்டார். பந்து என்றால் உயிரை விடுகிற மனிதர் பார்க்க முடியாமல் போயிற்றே என்று ஃபிரெடிதான் அந்த யோசனையைச் சொன்னான். டிவி முன்னால் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் டூ-இன்-ஒன்னை வைத்து, ஆட்டத்தின் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். தொண்ணூறு நிமிஷக் கேசட், ஒரு பக்கத்துக்கு ஒரு பாதி. மறுநாள் காலை அப்பா யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, காதாலேயே ஆட்டத்தைப் பார்த்தார். கேமரூன்காரன் தலையால் முட்டிக் கோல் போட்டதும் டீயைத் தொடையில் கொட்டிக்கொண்டார்.

மைக் டிவியை மட்டுமா கேட்கும்? அறையையும் கேட்டது. அம்மா, விசில் ஊதுகிறவன் எந்தக் கட்சி, அவனுக்கு ஏன் யாரும் பந்து கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டாள். பின்கட்டில் வாடகைக்கு இருந்த அஞ்சம்மாளின் புருஷன் பாலகுரு, கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர், பச்சைச் சட்டைக்காரர்களை நம்ம ஆளுங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஃபிரெடி ஆஃப்சைடு என்றால் என்ன என்று அம்மாவுக்கு மூன்று தடவை விளக்கினான். மூன்றாவது தடவை அம்மா, அப்படியானால் முன்கூட்டியே போய் நிற்கிறவன் புத்திசாலிதானே, அவனை ஏன் தண்டிக்கிறார்கள் என்று கேட்டாள். அறையே சிரித்தது. நடுவில் ஒரு தடவை கடற்கரைக்குப் போகிற மின்சார ரயில் ஹாரன் அடித்தது. எல்லாம் டேப்பில் ஏறிவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு உலகக் கோப்பையும் தொடங்குகிற நாளில் அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்பது வழக்கமாகிப் போனது. தொண்ணூற்று நாலில் வீடு நிறைய ஆள் இருந்தது. தொண்ணூற்றெட்டில் அப்பா இல்லை, அம்மா இல்லை. ரெண்டாயிரத்தில் மஞ்சள் காமாலை ஃபிரெடியைக் கொண்டு போயிற்று, அதற்கடுத்த வருஷம் பாலகுருவும் போனார். ரெண்டாயிரத்து ரெண்டில் தபீதாளும் அஞ்சம்மாளும் மட்டும் உட்கார்ந்து கேட்டார்கள். பாலகுரு குரல் வருகிற இடத்தில் எல்லாம் அஞ்சம்மாள், உயிரோடு இருக்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி, "சும்மா கெட, ஆட்டத்தப் பாரு" என்று அதட்டுவாள். அவளிடம் அவருடைய போட்டோகூடக் கிடையாது. இந்தத் தடவை ஜெர்மனியில் தொடங்குகிறது என்று தன் இட்லிக் கடைக்கு வருகிற பையன்கள் பேசுவதைக் கேட்டு, கடையைச் சீக்கிரம் மூடி, தலைக்குக் குளித்து, மாடம்பாக்கம் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

தபீதாள் கேசட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். யாரும் தெரியாமல் மேலே பதிவு செய்துவிடக் கூடாது என்று, ரெண்டு மூலையிலும் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் பற்களை அந்தக் காலத்திலேயே சாவியால் நெம்பி உடைத்தவள் அவள்தான். பல் உடைந்தால் ரெக்கார்டு பட்டன் இறங்காது. இப்போது ஒரு மூலை ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. கோணாமல் மாணாமல், ஓரம் கத்திரித்து, அழகாக. அடுத்த மூலை ஓட்டை திறந்தே கிடந்தது.

காது ரெண்டும் சூடாகிவிட்டது அவளுக்கு. கை தவறி நடந்திருந்தால் கத்திவிட்டு ஓய்ந்திருப்பாள். இது கை தவறி நடந்ததில்லை. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கைவிட்டு எடுத்து, அட்டையைப் படித்து, பட்டன் இறங்கவில்லை என்று கண்டு, காரணம் தெரிந்து, கத்திரிக்கோலைத் தேடி எடுத்துச் செய்த காரியம்.

"அக்கா, இதுல அவர் பாட்டைப் பதிவு பண்ணிட்டார்" என்றாள்.

அஞ்சம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப எங்கூட்டுக்காரரு?"

"இந்தப் பக்கம் அழிஞ்சுபோச்சு."

"இன்னொரு பக்கம்?"

இன்னொரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ரெண்டு பேருக்கும் தெரியும். கேமரூன் முரட்டு ஆட்டம் ஆடியதும், ஒருவன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனதும், அதன்பின் விழுந்த கோலும். கோல் விழுந்ததிலிருந்து முடியும் வரைக்கும் அறையில் இருந்த இருபது பேரும் ஒரே கூச்சல். அதில் ஃபிரெடி யார், பாலகுரு யார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். முதல் பாதியில் ஒன்றுமே நடக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் பேசினார்கள்.

தபீதாள் கேசட்டை மறுபடி உள்ளே தள்ளி பட்டனை அழுத்தினாள். ஆல்ட்டோ பாடியது. அஞ்சம்மாள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "பாடட்டும். அவுரு வர்ற எடம் எங்கனா மிச்சம் கீதா பாக்கலாம். அதுவரிக்கும் நா ஏந்திரிக்க மாட்டேன்."

லாசரஸ் ஆபீஸிலிருந்து வந்தபோது ஆல்ட்டோ முடிந்து ஆண்களின் டெனர் ஆரம்பித்திருந்தது. தன் பாடகர் குழுவைத் தன் வீட்டில் யாரோ கேட்கிறார்களே என்று வாசலிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் தபீதாளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த ஓட்டையில செல்லோடேப் ஒட்டினது நீங்களா?"

லாசரஸ் செருப்பைக் கழற்றி நிதானமாக ஓரமாக வைத்தார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுகளுக்கு நடுவே பாட்டுப் போட்டி, பெண்களுக்கு ஆல்ட்டோ நிற்கவே மாட்டேன் என்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுப் பழக ஒரு பதிவு வேண்டியிருந்தது, ஸ்டேஷன் ரோடு முழுக்க அலைந்தும் காலிக் கேசட் கிடைக்கவில்லை, எல்லாக் கடையிலும் சிடி சிடி என்கிறான் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னார். இன்றைக்கு ஏழு மணி பிராக்டீஸுக்கு அது வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"நான் ஒண்ணும் யோசிக்காம பண்ணல தபீ. ரெண்டு சைடும் போட்டுக் கேட்டுப் பாத்துட்டுத்தான் பண்ணேன். ஃபர்ஸ்ட் ஹாஃப்ல கோலே இல்ல. கோல் விழுந்த சைடை நான் தொடவே இல்ல, பாத்துக்கோ."

தட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது அவர் சொன்னது. அடுத்த ஓட்டை ஏன் திறந்து கிடந்தது என்று அவளுக்கு இப்போது விளங்கியது.

"போட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன்னு சொல்றேனே."

"கேட்டப்போ என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மா எல்லாரும் பேசிக்கிட்டு இருக்கீங்க."

கல்யாணமான புதிதில் தாய்வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம், உங்க வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள், ஒருத்தர் நிறுத்தி ஒருத்தர் பேசினால் என்ன என்று கேட்பார். பாட்டுக்காரர் இல்லையா, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அவருக்கு ஆகாது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அந்த வீட்டு முன்னறையைத் துடைத்துக் காலி பண்ண வேண்டும் என்று இத்தனை வருஷம் அவருக்குள் இருந்திருக்கிறது என்று இப்போது தோன்றியது. அது நியாயமில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நியாயமாக நினைக்க அவளுக்கு இஷ்டமில்லை.

லாசரஸ் ஒரு சமாதானமும் கொண்டுவந்தார். பர்மா பஜாரில் பழைய ஆட்டமெல்லாம் சிடியில் கிடைக்கிறதாம், கூட வேலை செய்கிற தோத்தாத்ரி சொன்னாராம். இந்த ஆட்டத்தையே முழுசாக, படத்தோடு, தெளிவான சத்தத்தோடு வாங்கிவந்துவிடலாம்.

"அதுல எங்கூட்டுக்காரரு வருவாரா சார்?" என்று கேட்டாள் அஞ்சம்மாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இட்லி இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

லாசரஸ் அப்போதுதான் அவள் அங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்பதைப் பார்த்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தபீதாள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். டெனர் முடிந்தது. அதைவிடக் கீழே பேஸ் வந்தது. நாலு பாகமும் சேர்ந்து பாடியது. நடுவில் யாரோ தப்பாகப் பாட, டேப்பிலிருந்த லாசரஸ், "கேட்டுப் பாடுங்கம்மா, பக்கத்துல பாடறவங்க குரலைக் கேளுங்க" என்று அலுத்துக்கொண்டார். நாற்காலியிலிருந்த லாசரஸ் தரையைப் பார்த்தார். செல்போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

கடைசியில், "சரி, போதும், நிறுத்து" என்றது அவர் குரல். ஒரு 'டக்'.

அடுத்த நொடி மைதானம் இரைந்தது. பழைய, தகரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இரைச்சல். அதன் மேல் யாரோ பாதி வார்த்தையில், "...ணாம்மா, அவன் ரெஃப்ரீ. அவன் எந்தக் கட்சியும் இல்ல" என்றான். ஃபிரெடி. அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது, அம்மாவின் குரல் இல்லை. ஒரு பெரிய தும்மல். உடனே நீளமாக விசில், இடைவேளை. நாற்காலி நகர்த்துகிற சத்தம், ஆட்கள் எழுந்திருக்கிற சத்தம். மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து ஃபிரெடி சொன்னான்:

"அக்கா, ஆஃப் பண்ணுக்கா. சும்மா பேசறதெல்லாம் ஏறிக்கினு கீது. டேப்பு வேஸ்ட்டு."

டேப் ஓடி முடிந்து பட்டன் தானாக மேலே வந்தது.

லாசரஸ் நிமிர்ந்தார். பார், உன் தம்பியே சொல்கிறான் என்பது அவர் முகத்தில் ஒரு கணம் வந்துவிட்டுப் போனதை தபீதாள் பார்த்துவிட்டாள். செத்துப்போன தம்பி மேலும் அவளுக்குக் கோபம் வந்தது. இருபது வயதில் ஒருவனுக்கு என்ன தெரியும்? இவருக்கு அம்பது வயது.

"அவுரு தும்முனாரு" என்றாள் அஞ்சம்மாள். "கேட்டியா? அது அவுருதான். கூரையே தூக்கும் அவுரு தும்மல்."

போன் மறுபடி அடித்தது. லாசரஸ் எழுந்து மெதுவாகக் கையை நீட்டினார். "ஏழு மணிக்கு எல்லாரும் வந்துருவாங்க தபீ. நாளைக்கே பர்மா பஜார்ல வேற கேசட் தேடி வாங்கிக் காப்பி எடுத்துட்டு, இதைப் பத்திரமா குடுத்துடறேன். கொஞ்சமாவது மிச்சம் இருக்கில்ல."

"மிச்சம்னு சொல்லாதீங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "போங்க. போய் வாயால சொல்லிக் குடுங்க. பக்கத்துல பாடறவங்க குரலைக் கேட்டுப் பாடச் சொல்லுங்க."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. வாசல் கேட் சத்தம் கேட்கவில்லை. உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் அங்கேயே நின்றார் போலிருக்கிறது.

தபீதாள் கேசட்டை எடுத்து, நகத்தால் சுரண்டி அந்தச் செல்லோடேப்பை உரித்தாள். அது விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழ மாட்டேன் என்றது. கேசட்டை உள்ளே போட்டு, கொஞ்சமே கொஞ்சம் பின்னால் சுற்றி, பட்டனை அழுத்தினாள். அஞ்சம்மாள் தவழ்ந்து வந்து ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டாள். தும்மல் வந்தது. விசில் வருவதற்குள் தபீதாள் நிறுத்திவிட்டாள்.

"இன்னொரு தபா போடு" என்றாள் அஞ்சம்மாள்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் இப்படி ஒரு கேசட் கிடந்தால், அதில் யார் யார் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். ஓட்டையை மட்டும் யாரையும் மூட விடாதீர்கள்.