அறுநூறு கிலோவுக்குள்

என் தம்பி ஜோன்ஸ் ஆறு வருடமாக ஒரு விமானம் கட்டினான். சாத்தான்குளத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். பெட்ரோலோடும் இரண்டு ஆட்களோடும் சேர்த்து அறுநூறு கிலோவைத் தாண்டினால் இலகு விமானம் என்ற வகையில் சேர்க்க மாட்டார்கள், பறக்கவும் விடமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் பூட்டுவதற்கு முன்னால், திருச்செந்தூர்ப் பக்கம் நான் மீன் எடைபோடும் ஏலக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவான். தராசின் எண் என் பக்கம்தான் தெரியும். நான் சொல்லுவேன், அவன் எழுதுவான்.

பரிசோதனைக்கு வந்தவர்கள் மூன்று சக்கரங்களுக்கு அடியிலும் தராசு வைத்தார்கள். ஆட்களுக்கும் பெட்ரோலுக்கும் விதிப்படி உள்ள எடையைக் கூட்டினார்கள். அறுநூற்றுப் பத்தொன்பது. ஜோன்ஸின் நோட்டில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"இப்படியே அனுமதி கிடைக்காதுங்க," என்றார் அதிகாரி. "குறைக்கணும்னா விமானத்தோட சட்டகத்தையே முழுசா மாத்தணும். கணக்கு எங்க தப்புன்னு பார்த்துச் சொல்லுங்க."

மறுநாள் காலை ஜோன்ஸ் ஏலக்கூடத்துக்கு வந்தான். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைத் தராசில் வைத்தான்.

"சொல்லுங்கக்கா."

"நாப்பத்தொம்போது," என்றேன்.

அவன் முதல் தடவையாக என் பக்கம் வந்து பார்த்தான். ஐம்பது நின்றது.

ஈரத்துக்கென்று கூடைக்கு ஒரு கிலோ கழிப்பது எங்கள் கூடத்து வழக்கம். இருபத்திரண்டு வருடமாகக் கழிக்கிறேன். கண் பார்த்ததை வாய் தானாகவே குறைத்துவிடும். காய்ந்த அலுமினியத்துக்கும் கழித்திருக்கிறேன், பாவி. ஜோன்ஸ் நோட்டைப் பிரித்து வரிகளை எண்ணினான். இருபத்தொரு தடவை எடைபோட்டிருந்தோம்.

"அது மீனுக்குத்தானக்கா," என்றான், பைய.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அழுகைகூட வரவில்லை. வரிசையில் கூடையோடு நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயே நின்று அதிகாரிக்குப் போன் போட்டான். "தப்பு தெரிஞ்சிட்டு சார். எடை பாத்ததுலதான்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். ஜோன்ஸ் என்னைப் பார்க்கவில்லை.

"வேற ஆரும் இல்ல சார். நாந்தான் எடைபோட்டேன்."

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.