வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

1

"எனக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்ப்பா."

இந்தக் கதை பிறந்தது இந்த ஒரு வரியில்தான். "அப்பாகிட்ட எதை வேணா கேளு, அதை மட்டும் கேட்டுராத" என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்த வரி. வேலை கிடைத்துவிட்டது, வேறு ஊரில் வாடகைக்கு மாடி அறையும் பார்த்தாயிற்று, நாளை கிளம்ப வேண்டும். இருபத்து மூன்று வயதில் அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

(அவள் என்றே எழுதுகிறேன். நான் என்று எழுதினால் கை ஓட மறுக்கிறது.)

2

அப்பா தச்சர். அவள் அறைக் கதவை, அவள் பிறப்பதற்கு முன்பே, அவர்தான் செய்தார். தாழ்ப்பாள் வெளியே மட்டும். படிக்கிற பிள்ளையை யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று மாலை ஆறு மணிக்குச் சாத்துவார், எட்டரைக்குத் திறப்பார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி அப்படித்தான் உருவானாள்.

"அந்தத் தாழ்ப்பாள் இல்லன்னா நீ பட்டம் வாங்கியிருப்பியா?"

"பூட்டி வெச்சாத்தான் பட்டம்னா, ஜெயில்ல இருக்கிறவன்லாம் டாக்டராப்பா?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவரை வில்லனாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் என் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

(அவள் பெட்டிக்கு.)

3

புதிய அறையின் ஜன்னல் வழியே வெளிச்சம் மெல்ல—

(அழித்துவிட்டேன். ஜன்னலை யார் பார்த்தார்கள்?)

வண்டியிலிருந்து கடைசியாக அப்பா இறக்கியது, போர்வை சுற்றிய நீளமான ஒன்று. படுத்திருக்கும் ஆளைத் தூக்குவதுபோல அம்மாவும் அவரும் மாடிக்குத் தூக்கி வந்தார்கள்.

"என்னப்பா இது?"

"உன் கதவுதான். புது இடத்துல தூக்கம் வராதுல்ல. வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன்."

அங்கிருந்த கதவைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். ஓரம் சீவ இழைப்புளியை எடுக்க வேண்டியே வரவில்லை. மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

"எப்ப அளவெடுத்தீங்க?"

"எடுக்கலையே" என்றார். அவர் முகமே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

4

வரும் வழியில் உராய்ந்து, கதவின் உள்பக்கத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. பெயிண்டுக்கு அடியில், பழைய மரத்தில், நான்கு நகக்கீறல்கள். அவள் எக்கினாலும் எட்டாத உயரம். அம்மா அவளைவிட ஒரு சாண் உயரம்.

அம்மா துடைப்பதுபோல அங்கே கை வைத்தாள். நான்கு கீறலிலும் நான்கு விரல்கள் சரியாகப் பொருந்தின.

"எனக்கு முன்னாடி அது யாரு ரூம்மா?"

"சாமானை எடுத்து வைடி."

5

"வண்டிய அனுப்பிட்டு வரேன்" என்று அப்பா வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கைப்பழக்கம், வேறென்ன. காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது.

மணி ஆறு.

அவள் கதவைத் தட்டி—

(தட்டவில்லை. அம்மாவைப் பார்த்தபின் தட்டத் தோன்றவில்லை.)

அம்மா தரையில் உட்கார்ந்து துணி மடிக்கத் தொடங்கியிருந்தாள். கதவுப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எட்டரைக்குத் திறந்துருவாரு" என்றாள், பஸ் நேரம் சொல்வதுபோல.

6

முடிவு ஒன்று: அப்பா திரும்பி வந்து, தலையில் அடித்துக்கொண்டு, திறக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

முடிவு இரண்டு: அவள் போடும் கூச்சலில் கீழ்வீட்டார் ஓடி வந்து திறக்கிறார்கள்.

இரண்டிலும் வெளியே நிற்கிற யாரோதான் திறக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதை எழுதும்போதுதான் கவனித்தேன். கதவு உள்ளே திறப்பது. கீல்கள் உள்பக்கம். அப்பாவின் சுத்தியலும் திருப்புளியும் தரையிலேயே கிடந்தன. தொழிலில் சாமானை மறந்து வைக்காத மனுஷன். மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல எழுதவும் மாட்டேன்.

அவள் திருப்புளியைக் கீழிருந்து கொடுத்துத் தட்டினாள். கீலின் நடுக்கம்பி மேலே எழும்பியது.

"வேண்டாம்டி. அவருக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும்மா. நீயும் எந்திரி."

இரண்டாவது கம்பி. மூன்றாவது. கதவு அவள் தோளில் சாய்ந்தது, நல்ல கனம். சுவரோரம் சாய்த்துவிட்டு, சான்றிதழ் ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டாள். இந்த அறை வேண்டாம், வேறு பார்த்துக்கொள்ளலாம். அதைக் கதவு மாட்டும்போதே முடிவு செய்துவிட்டாள்.

படியில் இறங்கும்போது, மேலே துணி மடிக்கும் சத்தம் நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் எனக்கும் தெரியாது. நீங்கள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள். அம்மா எழுந்தாளா, பார்த்துச் சொல்லுங்கள்.