சந்தேகக்கட்டை

பட்டறையில் எனக்கு வைத்திருக்கும் பெயர் சந்தேகக்கட்டை. நேரில் யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். எனக்கு மூக்குதான் மந்தம். காது நன்றாகவே கேட்கும்.

சந்தனக்கட்டையில் சீப்பு, விசிறி, மணிமாலை, நகைப்பெட்டி எல்லாம் செய்கிற பட்டறை அது. காலையில் ஒவ்வொருவருக்கும் கட்டையை எடை போட்டுக் கொடுப்பேன். மாலையில் செய்த பொருள், செதுக்கிய சில்லு, உதிர்ந்த தூள் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டு வாங்குவேன். சந்தனத்தில் குப்பை என்று எதுவும் கிடையாது. சில்லு எண்ணெய் வடிக்கப் போகும், தூள் ஊதுவத்திக்குப் போகும். வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டையில் மணமே இருக்காது. அதைக்கூடக் கத்திக்குப் பிடி போட வாங்கிப் போகிறார்கள். நடுவில் இருக்கும் வைரம்தான் மணக்கும். அதில் ஒரு சிட்டிகை குறைந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

வாசலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்திருப்பேன். வேலை முடிந்து போகிறவர்கள் ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிரஷ்ஷால் கழுத்துப்பட்டை, தோள், சட்டைப்பை, கால்மடிப்பு என்று ஓர் இடம் விடாமல் தட்டுவேன். துணியில் விழுந்த தூளையும் அவரவர் தூளோடு சேர்த்து நிறுப்பேன். பிறகு "முடிஞ்சுது, போகலாம்" என்பேன். பதினோரு வருஷமாக இதே இரண்டு வார்த்தைதான்.

போன வருஷம் என் தங்கையின் புருஷனை நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். அவரிடம் மட்டும் "போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்பேன். அவரும் "வரேன் மச்சான்" என்பார். நாள் முழுக்க எல்லாரையும் முறைத்துக்கொண்டே இருக்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு சுகம் என்று எனக்குத்தான் தெரியும்.

வெயில் ஏறிய மாதம் தொல்லை தொடங்கியது. வாசலில் புழுக்கம் தாங்கவில்லை என்று வரிசைக்குப் பின்னால் ஒரு மின்விசிறியை வைத்து, காற்று என் மேல் வீசுகிற மாதிரி திருப்பிக்கொண்டேன். அதே வாரம் மாப்பிள்ளையும் சீப்பு அறுப்பதை விட்டு உப்புத்தாள் போடும் மேசைக்கு மாறினார். அன்றிலிருந்து அவருடைய எடை உதைத்தது. மற்றவர்களுக்குக் கடுகளவு குறைந்தால் இவருக்குத் தினமும் ஒரு ஸ்பூன் குறைந்தது.

முதல் வாரம் தராசைச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் வாரம் அவரையே சந்தேகப்பட்டேன். அதன்பிறகு அவர் செய்த எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. சீட்டியடித்தால் ஏன் இவ்வளவு குஷி? அடிக்கடி கை கழுவினால் எதைக் கழுவுகிறார்? திடீரென்று இரண்டடுக்கு டிபன் பாக்ஸ் எதற்கு? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னேன்.

"என்ன மச்சான், பசியா? மத்தியானமே சொல்லியிருந்தா மிச்சம் வெச்சிருப்பேனே" என்றார்.

வரிசையே சிரித்தது. கீழடுக்கின் அடியையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

அந்த வாரம் சில்லு எடுக்க எண்ணெய்க்காரர் வந்தார். என் தங்கை இருக்கும் தெருவில்தான் அவரும் இருக்கிறார். மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க தங்கச்சி வீட்டு அலமாரியைத் திறந்தா ஆளைத் தூக்குற மாதிரி மணக்குதாம். வைர மணம்னு சொல்றா என் சம்சாரம். உங்க மாப்பிள்ளை கைவரிசையா?"

கண் வேறு சிமிட்டினார். பத்து நாளைக்கு முன்புதான் அந்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தேன். பதினோரு வருஷம் சந்தனத்திலேயே கிடந்த மூக்கு இது. பினாயில் தெரியும், தீய்ந்த வாசனை தெரியும், சந்தனம் மட்டும் தெரியாது.

முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

"உங்க வீட்டு ஆளாச்சேன்னு யோசிக்கிறேன். உறுதியாத் தெரிஞ்சா எழுதிக் குடுங்க. திங்கட்கிழமையோட நிறுத்திடலாம்."

எழுதிக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு வேலை போனால் தங்கை இந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவர் அண்ணன் இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதுதான். அதன்பிறகு என் முகத்தில் விழிக்க மாட்டாள். எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். எல்லாம் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். யோக்கியன் என்ற நினைப்பு ஒரு மனுஷனை அந்த அளவுக்குக் கெடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வாண்ணே" என்று தங்கை சொல்லி முடிப்பதற்குள் அலமாரியைத் திறந்துவிட்டேன். மடித்த துணிகளுக்கு நடுவில் துணியில் தைத்த நான்கு சிறு பைகள் இருந்தன. ஒன்றைப் பிரித்தேன். உள்ளே மாவு மாதிரி நைசான தூள் இருந்தது. வைரத்தின் நிறம்.

"என்னடி இது?"

"துணியில பூச்சி வராம இருக்கறதுக்கு."

"எங்கேர்ந்து வந்துது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். திருட்டுச் சொத்து என்றேன். என் பெயரைக் கெடுக்கவே வந்து சேர்ந்தார் என்றேன். திங்கட்கிழமை எல்லாம் முடிந்துவிடும் என்பதையும் சொல்லித் தொலைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தார். "இன்னும் சமையலறை பாக்கி இருக்கு மச்சான். அதையும் பார்த்துடுங்க" என்றார்.

தங்கை என் கையிலிருந்த பையை வாங்கி முடிச்சுப் போட்டாள். "அண்ணி குடுத்ததுண்ணே. உன் சட்டையிலேர்ந்து உதிர்ந்துதாம். உனக்குத் தெரிஞ்சுதான் குடுத்தாங்கன்னு நெனச்சேன்."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது.

விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி தரையில் செய்தித்தாளை விரித்தாள். துவைக்கப் போட்டிருந்த என் சனிக்கிழமைச் சட்டையை எடுத்து, சுருட்டிவிட்ட கையைப் பிரித்து உதறினாள். சட்டைப்பையை வெளியே இழுத்துத் தட்டினாள். தாளில் தூள் குவிந்தது. ஒரு ஸ்பூன் இருக்கும்.

"முன்னெல்லாம் கொஞ்சமாத்தான் இருக்கும். இந்த ஒரு மாசமாத்தான் இவ்வளவு. குப்பையில கொட்ட மனசு வரல, டப்பாவுல சேர்த்தேன்."

மின்விசிறி ஞாபகத்துக்கு வந்தது. நான் மாப்பிள்ளையைத் தட்டத் தட்ட, அவர் மேலிருந்த நைசான உப்புத்தாள் தூளை அது என் மேல் கொண்டுவந்து போட்டிருக்கிறது. பதினோரு வருஷத்தில் என்னை ஒருவரும் தட்டிப் பார்த்ததில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே! சட்டையெல்லாம் தூளு, உதறிட்டு வாங்கன்னு. 'தட்டுறவனே நான், என் சட்டையில எப்படி இருக்கும்?'னு எரிஞ்சு விழுந்தீங்க."

திங்கட்கிழமை டப்பாவை எடுத்துக்கொண்டு முதலாளியம்மாவிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நான் எழுதிய தாளை என் கையிலேயே கொடுத்தார். "அவர் வேலை அவருக்கு உண்டு. மத்ததை நீங்களே சொல்லிக்குங்க. எல்லார் முன்னாடியும்."

மாலையில் மாப்பிள்ளையின் முறை வந்தபோது, அவரைத் தட்டி முடித்துவிட்டு நானே துணிமேல் ஏறி நின்றேன். பிரஷ்ஷை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, நான் தட்டுகிற மாதிரியே தட்டினார். கழுத்துப்பட்டை, தோள், சட்டைப்பை, சுருட்டிய கை என்று ஓர் இடம் விடவில்லை. விழுந்த தூளை அவருடைய தூளோடு சேர்த்துத் தராசில் வைத்தேன். முள் சரியாக வந்து நின்றது.

பின்னாலிருந்து யாரோ "சந்தேகக்கட்டை" என்று முதல் தடவையாக என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். மோப்பம் பிடிக்காத மூக்கும் உடைபடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"மாப்பிள்ளை, தப்பு முழுக்க என் மேலதான். மன்னிச்சிடுங்க" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவர் பிரஷ்ஷில் ஒட்டியிருந்த தூளையும் துணியில் தட்டிவிட்டு, பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார்.

"முடிஞ்சுது சார், போகலாம்."

மச்சான் என்று ஒரு வார்த்தை வரும் என்று நான் பிரஷ்ஷைப் பிடித்தபடியே நின்றிருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.