எழுபத்தோராம் சுற்று

தேசிய சிம்பொனி இசைக்குழுவின் வரலாற்றை எழுதும் வேலை சபரலியின் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம்தான். மற்றவர்களுக்கு வாசிக்க நிறைய இருந்தது. சபரலி சிம்பல் என்கிற ஜோடி வெண்கலத் தட்டுகளை மோதி அடிப்பவர். இரண்டு மணி நேரக் கச்சேரியில் நாலு அடி அடிப்பார், மீதி நேரமெல்லாம் எண்ணிக்கொண்டு நிற்பார். சும்மா நிற்கிற மனுஷன்தானே, எழுதட்டும் என்று விட்டுவிட்டார்கள். வயது எழுபது. ஓய்வு பெற ஒரே ஒரு கச்சேரி பாக்கி.

ஆரம்பத்தை எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. முதல் கச்சேரி ஒரு குதிரை லாயத்தில் நடந்தது. வாசிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அதற்கு முந்தின மாதம்தான் வயலினைக் கண்ணால் பார்த்தவர்கள். எங்களுக்கு ஒரு சிம்பொனி வேண்டும் என்று நாங்களா கேட்டோம்? இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள், இருந்தது. பிறகு தலைநகரில் பளிங்கில் அரங்கம் கட்டினார்கள். ஆயிரத்து நானூறு இருக்கை, பதினோரு சரவிளக்கு. அவ்வளவு பெரிய இடத்தை என்ன செய்வது? சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நிரப்பினோம்.

அந்தத் திறப்புவிழா நாளுக்கு வந்ததும் சபரலியின் பேனா நின்றுவிட்டது.

அன்று அவருக்கு இருபத்தாறு வயது. நரின் மலையிலிருந்து முப்பது சொந்தக்காரர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். மத்தியானம் ஆடு வெட்டி விருந்து. தோத்பாய் சித்தப்பா ஆட்டுத் தலையிலிருந்து, எங்கள் வழக்கப்படி சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காதை அறுத்து அவர் தட்டில் வைத்தார். "தின்னுடா. நல்லா காது குடுத்துக் கேட்டு வாசி, மானத்த வாங்கிடாதே."

அன்றைய முக்கியமான இசை, மேதர்பெக் எழுதிய 'கணவாய்'. அதன் நடுவில், மற்ற வாத்தியங்கள் கேட்டும் கேட்காமலும் ஒலிக்கிற ஒரு நீண்ட அமைதி வரும். அந்த இடத்தில் சபரலி நூற்றுப் பன்னிரண்டு தாளச் சுற்று எண்ணிவிட்டு, மெதுவாக ஒரு அடி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எண்ணினார். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. மேல்மாடத்தில் முப்பது பேரும் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார்கள். நம்ம பையன் எப்போதான் அடிப்பான்? எழுபது. தோத்பாய் சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. அரங்கமே மூச்சடக்கி இருந்த நேரத்தில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏண்டா, எல்லாருக்கும் வேலை குடுத்தாங்க, உனக்கு மட்டும் குடுக்கலையா?"

எழுபத்தொன்று. சபரலி பலம் கொண்ட மட்டும் அடித்தார்.

முதல் வரிசையில் இருந்த அமைச்சர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். எழுந்தவருக்கு உட்கார வழி தெரியவில்லை, கைதட்டினார், அழுதார். அரங்கமே எழுந்து தட்டியது. மறுநாள் பத்திரிகையில், 'நூற்றாண்டு மௌனத்தைப் பிளந்த மக்கள் இடி' என்று போட்டார்கள். அடுத்த பதிப்பில் அந்த அடி இசைத்தாளிலேயே ஏறிவிட்டது. சபரலிக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தார்கள். நாற்பத்து நாலு வருடமாக ஒவ்வொரு கச்சேரிப் பருவத்துக்கும் 'கணவாய்'தான் தொடக்கம். எழுபத்தோராம் சுற்றில் இடி, உடனே கைதட்டு.

எழுதுவதற்குத் தகவல் வேண்டுமென்று மேதர்பெக்கின் மனைவி புருல்சாவைப் பார்க்கப் போனார் சபரலி. மேதர்பெக் இறந்து பல வருடமாகிறது. புருல்சாவுக்கு எண்பத்தாறு.

"வாப்பா இடி," என்று கதவைத் திறந்தார் புருல்சா. பால் தேநீர் ஊற்றி, பொரித்த மாவுத் துண்டுகளை நகர்த்தி வைத்தார்.

"நீங்க கச்சேரிக்கே வர்றதில்லையே அக்கா, ஏன்?"

"இடி விழுற இடத்துக்கு யாருப்பா வருவா?"

சபரலி சிரித்தார். புருல்சா சிரிக்கவில்லை.

"அந்த இடத்துல ஒத்தச் செல்லோ ஒண்ணு வாசிக்குமே, கேட்டிருக்கியா? அவரோட தங்கச்சி ஒன்பது வயசுல கணவாய்ப் பனியில உறைஞ்சு செத்துப்போயிட்டா. அவ முணுமுணுத்துட்டே வந்த பாட்டு அது. ஆறு மாசம் தூங்காம எழுதினாரு. உன் அடிக்குப் பின்னாலதான் அது வருது. ஜனங்க தட்டுற தட்டுல ஒருத்தன் காதுலயும் விழல."

சபரலி கடித்த மாவுத் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "அவரு ஏன் அக்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"அமைச்சர் அழுதுட்டாரேப்பா! அழுத அமைச்சர்கிட்டப் போய், தப்பான இடத்துல அழுதுட்டீங்கன்னு எவன் சொல்லுவான்?" புருல்சா கோப்பையைத் துடைத்தார். "சாகுறதுக்குள்ள ஒரு தடவை கேட்டுடணும்னு இருந்தேன். சரி விடு. டீ ஆறுது."

மறுநாளே சபரலி இசை நடத்துநர் நூர்சாத்திடம் ஓடினார். "தம்பி, அன்னிக்கு நான் தப்பா அடிச்சேன். கடைசிக் கச்சேரியிலயாவது அதை எடுத்துடலாம்."

"ஐயோ அண்ணே, உங்க அடக்கம் இருக்கே!" என்று நூர்சாத் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சுவரொட்டியில என் மூஞ்சி இல்ல, உங்க தட்டுதான் இருக்கு. பாதி ஜனம் அந்த அடிக்குத்தான் வருது."

செல்லோக்காரரிடம் சொன்னார், காவலாளியிடம் சொன்னார். எல்லோரும் எப்பேர்ப்பட்ட பணிவு என்று உருகினார்களே தவிர, ஒருவரும் நம்பவில்லை. எங்கள் ஜனங்களிடம் புளுகினால் குறுக்கு விசாரணை செய்வார்கள். உண்மையைச் சொன்னால் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சபரலி புருல்சாவுக்கு ஒரு நுழைவுச்சீட்டு அனுப்பினார். பின்னால் எழுதினார்: 'வாங்க அக்கா. இடி விழாது.'

பிற்பகல் மூன்று மணிக் கச்சேரி. ஓய்வு பெறும் மரியாதையாக அவருக்குப் போர்த்த வேண்டிய நீல வெல்வெட் அங்கியும் வெள்ளைத் தொப்பியும் மேடை ஓரத்தில் காத்திருந்தன. முதல் வரிசையில் புருல்சா. மேல்மாடத்தில் நரின் கூட்டம், இந்தத் தடவை ஐம்பது பேர்.

அறுபத்தொன்பது. எழுபது. நூர்சாத்தின் இடது கை அவரை நோக்கிப் பாய்ந்தது.

சபரலி அடிக்கவில்லை.

தட்டத் தூக்கிய ஆயிரத்து நானூறு ஜோடிக் கைகள் அந்தரத்தில் நின்றன. நூர்சாத்தின் முகம் வெளுத்தது. அதைவிட வெளுத்தவர் செல்லோக்காரர். யார் கேட்கப்போகிறார்கள் என்று இருபது வருடமாக ஏனோதானோவென்று இழுத்துக்கொண்டிருந்த மனுஷன், திடீரென்று அத்தனை பேருக்கும் கேட்கிறது என்றால் என்ன செய்வார்? வில் ஒருமுறை நடுங்கியது. பிறகு ஒழுங்காக வாசிக்க ஆரம்பித்தார்.

சின்னப் பாட்டுதான். குளிருக்குப் பல் கிட்டிய குழந்தை பயத்தை மறக்க முணுமுணுப்பதுபோல, மேலே போய்ப் போய் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. நாற்பத்து நாலு வருடம் அதற்குப் பத்தடி பின்னால் நின்றும் சபரலி அதைக் கேட்டதே இல்லை. அட பாவி, இதையா அடித்து நொறுக்கினேன் என்று நினைத்தார்.

"பெரியப்பா, தூங்கிட்டீங்களா? அடிங்க!" மேல்மாடத்திலிருந்து தோத்பாய் சித்தப்பாவின் பேரன்.

தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு எண்ணினார். தொண்ணூறு. நூறு. நூற்றுப் பன்னிரண்டில், மேதர்பெக் முதலில் எழுதியிருந்தபடியே மெதுவாக ஒரு அடி. அதை யாரும் கவனிக்கவில்லை.

நோயாளிக்குப் போர்வை போர்த்துவதுபோல அங்கியைப் போர்த்தினார்கள். "வயசுண்ணே, யாருக்கும் நடக்குறதுதான்," என்றான் நூர்சாத். வரலாற்றில் இதைச் சேர்க்க வேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து பெருந்தன்மையோடு சொல்லி அனுப்பினார்கள். நாற்பத்து நாலு வருடத்தில் அவர் செய்த ஒரே தவறாம்.

சாயங்கால விருந்தில், விருந்து நாயகனுக்கென்று சபரலிக்கு வரவேண்டிய ஆட்டுத் தலை, நாலு பேர் கண்ஜாடை காட்டிக்கொண்டபின் நூர்சாத்தின் முன்னால் போய் உட்கார்ந்தது. சொந்தக்காரர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவமானமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமுடியாது.

"தம்பி, அந்தக் காதை எனக்கு அறுத்துக் குடு," என்று புருல்சாவின் குரல் கேட்டது.

நூர்சாத் மரியாதையாக அறுத்து நீட்டினான். புருல்சா எழுந்து, மேசையைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, அதைச் சபரலியின் தட்டில் வைத்தார். மேசையே குபீரென்று சிரித்தது. எழுபது வயதுக் கிழவனுக்குக் காது! கிழவி சரியாகக் குத்திக் காட்டிவிட்டாள் என்று தோத்பாயின் பேரன் தொடையைத் தட்டிக்கொண்டான்.

"தின்னுப்பா," என்றார் புருல்சா, அவர் தோளில் கை வைத்து. "எனக்கும் கேட்டுச்சு."

சபரலி தலையைக் குனிந்துகொண்டு தின்றார். சரியாக வேகாத காது, மெல்ல வெகுநேரம் ஆயிற்று.